வெளிச்சக் குழுவும் என் இடது கையும்

நான் வேலை பார்ப்பது வரைபட அலுவலகத்தில். நாட்டில் எது எங்கே இருக்கிறது என்று முடிவு செய்வது நாங்கள்தான். அதெல்லாம் முன்பே அங்கங்கே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் வரைந்து, இயக்குநர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது முறைப்படி இருக்கும்.

இந்தக் காலத்தில் கையால் வரைவார்களா என்றும் கேட்பார்கள். மூலப்படம் கையால், மையால் வரையப்பட வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் படியெடுக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு ஏ.சி. அறை உண்டு. எங்களுக்கு ஒரு பெரிய கூடமும் சாய்வு மேஜைகளும் உண்டு. பக்கத்து மேஜைக்காரர் மலைகளை மட்டும் வரைவார், அதனால் அவர் மலைக்காரர். நான் ஆறு, ஏரி, வாய்க்கால் வரைகிறவன், அதனால் தண்ணிக்காரர். ஒரு நாள் என் மாமனாருக்கு முன்னால் யாரோ என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

இயக்குநர் அறை வாசலுக்கு மேலே 'படம் தவறாது' என்று பித்தளைப் பலகையில் பொறித்து மாட்டியிருக்கும். அது வெறும் அலங்காரமல்ல. படத்துக்கும் தரைக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் தரையைத்தான் திருத்துவார்கள். ஒருமுறை மலைக்காரருக்குத் தும்மல் வந்து, ஒன்றுமில்லாத சமவெளியில் ஒரு குட்டிக் குன்று விழுந்துவிட்டது. சாலைத் துறை அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு ரோடு போட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் பஸ் வெட்டவெளியைச் சுற்றி வளைந்து போகும், உள்ளே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். தரை திருந்திய பிறகு, அங்கே இப்போது உள்ளதை உள்ளபடி காட்டும் 'பூர்த்திப் படம்' ஒன்றை முதலில் வரைந்தவரே வரைய வேண்டும் என்பதும் விதி. மலைக்காரர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ளபடி வரைந்தார். இப்போது படத்தில் வளைவு இருக்கிறது, குன்று இல்லை. ஏன் வளைவு என்று யாரும் கேட்பதும் இல்லை.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் ஊர் ஏரித் தாள் என் மேஜைக்கு வரும்வரை.

அந்த ஏரிக்கரை மேட்டில்தான் எங்கள் வீடு. ஸ்கூட்டரில் வந்தால் கடைசிக் கொஞ்ச தூரம் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவு ஏற்றம். அலுவலகமும் அதே ஏரிக்கரையில்தான், ஆனால் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில். நல்ல மழை பெய்தால் எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் தவளை கத்தும். தாளில் பார்த்தால் எங்கள் வீடு ஒரு குண்டூசித் தலை. அதற்கும் ஏரியின் கரைக்கோட்டுக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. கோடு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் போதும், நானும் மனைவியும் மகளும் முறைப்படி ஏரிக்குள்ளே இருப்போம். சொந்த வீட்டைப் பேனா முனையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனாலும் தைரியமாக இருந்தேன். காரணம் எங்கள் பழைய டியூப் லைட்டுகள். அவை கயிற்றில் தொங்கின, அவரவர் வசதிக்கு இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். நான் இடக்கைக்காரன். என் விளக்கை வலப்பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தேன். கையின் நிழல் பேனா முனைமேல் விழாமல் ஓரமாகப் போய்விடும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இயக்குநர் எங்களையெல்லாம் கூட்டி, கூடம் முழுக்க எல்.இ.டி. விளக்கு போடப்போவதாக அறிவித்தார். "நாம இத்தனை வருஷமா சரியான வெளிச்சம் இல்லாமதான் வேலை செஞ்சோம். அப்படியும் ஒரு தப்பு வரலை. ஏன்னா தப்பு வந்தாலும் தெரியாது. இனிமே தெரியும். தெரிஞ்சாலும் வராது" என்று பேசினார். நாங்கள் கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று மலைக்காரரைக் கேட்டேன். தட்டி முடித்த பிறகு கேட்கிற கேள்வியா இது என்றார்.

வெளிச்சக் குழு அமைந்தது. தலைவர் இயக்குநர், செயலர் எங்கள் கண்காணிப்பாளர். எந்த விளக்கு வாங்குவது என்று குழு இயக்குநர் அறையில், திரையெல்லாம் இழுத்துவிட்டுக் கூடியது. கூடத்தில் கூடலாமே என்று யாரோ சொன்னதற்கு, அங்கே வெளிச்சம் சரியில்லை என்றார்கள். மாதிரி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததைத் தேநீர் கொண்டுபோனவர் வந்து எங்களுக்குச் சொன்னார். மஞ்சள் விளக்கில் கணக்கு அதிகாரிக்குக் கொட்டாவி வந்ததாம். வெள்ளை விளக்கில் இயக்குநரின் தலைச்சாயம் பழுப்பாகத் தெரிந்ததாம். அப்போது யாரும் எதையும் பார்க்கவில்லையாம். நீலம் கலந்த வெள்ளையைப் போட்டதும் முடி கருகருவென்று ஆகிவிட்டது, குழு ஒருமனதாக எழுந்து நின்றுவிட்டது. வரைபடம் ஏதாவது வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். ஒன்று இருந்தது, அதன் மேல்தான் தேநீர்த் தட்டை வைத்தேன் என்றார்.

அடுத்தது விளக்கை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை. அதற்கு ஓர் ஒளி ஆலோசகர் வந்தார். கோட்டுப் போட்டவர், கையில் வெளிச்சமானி. வந்ததும் முதல் வேலையாக எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். காலி மேஜை ஒவ்வொன்றின் மேலும் கருவியை வைத்து அளந்து, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அளந்தால்தானே சரியாக இருக்கும் என்று வெளியே வந்தவரைக் கேட்டேன்.

"ஆளுங்க இருந்தா அளவு கெட்டுடும் சார். தலை, தோள், கை எல்லாமே வெளிச்சத்துக்கு இடைஞ்சல். உங்க ஹால்ல ஆள் இல்லேன்னா, இதைவிட அருமையான ஹால் எங்கயுமே கிடையாது" என்றார்.

எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது அவர் சாஸ்திரம். அதில் தப்பில்லை. எல்லோருக்கும் எழுதும் கை வலது கை என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார். ஆக, எல்லா மேஜைக்கும் இடப்பக்கத்தில், கூரையோடு சேர்த்து, அசைக்க முடியாதபடி விளக்குகளை முடுக்கினார்கள். பழைய கயிறுகளை அறுத்துப் போட்டார்கள். ஆளாளுக்கு வெளிச்சத்தை இழுத்துக்கொண்டால் அலுவலகம் என்னத்துக்கு என்று கண்காணிப்பாளர் விளக்கம் சொன்னார்.

இயக்குநர் சுவிட்சைத் தட்டினார். கூடம் பளீரென்று ஆயிற்று. ஒருவர் சட்டைமேல் இருந்த பொடுகு கூட அடுத்த வரிசைக்குத் தெரிந்தது. நான் உட்கார்ந்து, பேனாவை இடது கையில் எடுத்துத் தாளில் வைத்தேன். என் கையின் நிழல் கன்னங்கரேலென்று பேனா முனைமேல் படுத்துக்கொண்டது. கூடம் முழுக்க வெளிச்சம், கோடு போட வேண்டிய இடத்தில் மட்டும் இருட்டு. அந்த இருட்டுக்குள்தான் எங்கள் வீடு இருந்தது.

கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், மேலே விளக்கைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இந்த நிழல் யாரோடது?"

"என் கையோடது சார்."

"ஆங். அலுவலகம் உங்களுக்குக் கொடுத்தது வெளிச்சம் மட்டும்தான். நிழலை நீங்க வீட்டுலேருந்து கொண்டு வந்திருக்கீங்க. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

விளக்கை மாற்ற வேண்டாம், மேஜையையாவது திருப்பிப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஒரு மேஜை மட்டும் திரும்பியிருந்தால் வரிசை கெடும், திறப்பு விழாப் புகைப்படத்தோடு ஒத்துப்போகாது என்றார். வீட்டிலிருந்து ஒரு மேஜை விளக்கு கொண்டு வரட்டுமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சொந்த வெளிச்சம் கொண்டு வந்தால் அலுவலக வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தமாகும், அதை எழுத்தில் கொடுக்கத் தயாரா என்று கேட்டார். நான் தயாராக இல்லை.

ஆனாலும் குழு என்னைக் கைவிடவில்லை. எனக்காகவே ஒரு கூட்டம் கூடி, விளக்கு சரியாக இருப்பதால் கையைத்தான் கவனிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. முதலில் நான் இடக்கைக்காரன்தான் என்று மருத்துவச் சான்று கேட்டார்கள். மருத்துவர் இரண்டு கைகளையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, இரண்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டும் நன்றாக இருக்கும்போது வலது கையால் வரைவதில் என்ன கஷ்டம் என்று குழு கேட்டது. நியாயமான கேள்விதான்.

அதற்குப் பிறகு வலக்கைப் பயிற்சி முகாம் நடந்தது. கலந்துகொண்டவன் நான் ஒருவன். தொடக்க உரை இயக்குநர், வாழ்த்துரை கணக்கு அதிகாரி, நன்றியுரை கண்காணிப்பாளர். நடுவில் நான் வலது கையால் ஓர் ஆறு வரைந்தேன். குளிரில் நடுங்குகிற ஆறு போல இருந்தது. நல்ல முன்னேற்றம் என்று சொல்லி எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை இடது கையால் வாங்கிவிட்டேன் என்று கொஞ்ச நேரம் முறைத்தார்கள்.

என் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க டாக்டர் லைட்டைத்தாங்க நகர்த்துவார். நோயாளியோட பல்லைப் பிடுங்கி லைட்டுக்கு நேரா வெக்க மாட்டார்" என்றாள். பிறகு பிசைவதை நிறுத்திவிட்டு, "விளையாட்டா இருக்காதீங்க. நம்ம வீட்டுத் தாள்தானே அது? கோடு சரியா விழுமா?" என்று கேட்டாள்.

விழும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

விழவில்லை. தாள் உடனே வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி, என் நிழலுக்குள்ளேயே கோட்டை ஓட்டிக்கொண்டு போனேன். கையை எடுத்துப் பார்த்தால் கோடு எங்கள் குண்டூசித் தலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. அவ்வளவு பெரிய ஏரி, நேராக எங்கள் வீட்டுக்கு மட்டும் நாக்கை நீட்டியிருந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினேன், சார் தப்பாகிவிட்டது, வேறு தாள் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். மை பட்ட மூலத்தாளைத் திருப்பி எடுக்க விதியில்லை என்று சொல்லி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இயக்குநர் அதைப் புது விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, கோடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று வியந்து கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒரு காலையில் ஏரி அதிகாரி எங்கள் வாசலுக்கு வந்தார். காய்ந்த தரையில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். கையில் எங்கள் படம்.

"நீங்க ஏரிக்குள்ள இருக்கீங்க" என்றார்.

மனைவி வாசலைப் பார்த்தாள், அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். உட்காருங்கள், குடிக்கத் தண்ணீர் தருகிறேன் என்றாள். அனுமதியில்லாமல் ஏரிக்குள்ளிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்தி விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போனார். படத்தில் ஏரி இதுவரை இருக்கிறது, தரையில் இல்லை. ஆகவே மதகை அடைத்துத் தண்ணீரை இந்தக் கோடு வரை ஏற்றப்போகிறார்கள். அதற்குள் காலி செய்துவிட வேண்டும்.

அன்று மனைவி பரணிலிருந்து சாக்குகளை இறக்கி என் முன்னால் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள்தான் கேட்டாள், அப்பா, நீங்க வரைஞ்சதாலதான் வீடு போகுதா என்று. நிழலால் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்க கஷ்டம் புரியுது தம்பி. ஆனா யோசிச்சுப் பாருங்க. படம் தப்புன்னா கோடு தப்பு. கோடு தப்புன்னா வெளிச்சம் தப்பு. வெளிச்சம் தப்புன்னா குழு தப்பு. குழுத் தலைவர் யாரு? நான். நான் தப்பா இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

மூட்டை கட்டினோம். பாத்திரங்கள், புத்தகங்கள், மகளின் தையல் பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. கீழே மதகை அடைத்தார்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மேட்டின் அடிவாரத்தைத் தொட்டது, புல்லைத் தொட்டது. நாங்கள் மூவரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் ஏறவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் புரியவில்லை. பல வருஷமாகத் தண்ணீரை வரைகிறவன் நான், எனக்கே புரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோதுதான் விளங்கியது. படத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் நாக்கு நீட்டியிருந்ததை யாரும் தண்ணீருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அது தன் வழக்கப்படி பள்ளம் எங்கே என்று பார்த்து, எங்கள் கூடத்துக்குள் முழங்கால் ஆழத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் படியில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். இயக்குநர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து படத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"படத்துல இந்த இடம் தரை. அதனால இது தண்ணி இல்ல. உள்ள போய் வேலையப் பாருங்க" என்றார்.

போனோம். கீழே இருந்த பிளக்குகளின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, கூரை விளக்குகளைப் போட்டார்கள். ஒளி ஆலோசகரையும் வரவழைத்தார்கள். அவர் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து அளந்துவிட்டு, முன்னைவிட வெளிச்சம் கூடியிருக்கிறது, இதே நிலையைப் பராமரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். மலைக்காரர் கால்களை மேஜைச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சிகரத்தை வரைய ஆரம்பித்தார். அவர் குன்றுகள் அன்றைக்கு வழக்கத்தைவிட உயரமாக இருந்தன.

என் மேஜைக்கு ஏரித் தாள் திரும்பி வந்தது. தரை திருத்தப்பட்டுவிட்டதாம். முதலில் வரைந்தவரே, உள்ளதை உள்ளபடி, பூர்த்திப் படம் வரைய வேண்டுமாம். கண்காணிப்பாளர் தண்ணீரில் நின்றபடி விதியை வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்.

பேனாவை இடது கையில் எடுத்தேன். தாளில் வைத்தேன். நிழல் இல்லை.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை. விளக்கின் வெளிச்சம் தரையிலிருந்த தண்ணீரில் பட்டு எழும்பி, என் வலப்பக்கத்து வெள்ளைச் சுவரில் அடித்து, அங்கிருந்து நேராக என் தாளுக்கு வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் நான் கேட்ட இடத்திலிருந்து, கேட்ட மாதிரியே. பேனா முனை, பழைய கோடு, எங்கள் வீடு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

அவசரப்படாமல் வரைந்தேன். என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான கோடு நான் போட்டதில்லை. மேட்டின் அடியில் புல்வரை வந்து, எங்கள் குண்டூசித் தலையை வெளியே விட்டு, கரையோடு இறங்கி, பள்ளத்துக்கு வந்து, சைக்கிள் ஸ்டாண்டைச் சேர்த்துக்கொண்டு, கூடத்தையும் இயக்குநர் அறையையும் முழுசாக உள்ளே வைத்துக் கோட்டை முடித்தேன். பார்த்ததைத்தான் வரைந்தேன். இயக்குநர் நாற்காலிமேல் ஏறி நின்று, தாளை விளக்குக்கு நேரே பிடித்து, வெளிச்சம் என்றால் இது வெளிச்சம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து ஏரி அதிகாரி அதே ரப்பர் பூட்ஸோடு அலுவலகத்துக்கு வந்தார். அன்றைக்கு அந்தப் பூட்ஸுக்கு வேலை இருந்தது. பித்தளைப் பலகைக்குக் கீழே நின்று, படத்தைக் காட்டி, நீங்கள் ஏரிக்குள் இருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் வாயைத் திறந்தார். பிறகு தலைக்கு மேலிருந்த பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் தண்ணீரை உதைத்துக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்னய்யா வரைஞ்சு வெச்சிருக்க? இவ்வளவு தண்ணி எப்படிய்யா ஆபீசுக்குள்ள வந்துச்சு?"

"தெரியலை சார். நான் போட்டது கோடு மட்டும்தான்" என்றேன். "தண்ணிய நான் வீட்டுலேருந்து கொண்டு வரலை."

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரை மேட்டில் தள்ளி ஏற்றிக்கொண்டு போய், வாசலில் கிடந்த மூட்டைகளை அவிழ்த்தோம்.